ஒடியா தெரிந்த ஓர் அக்கா வகுப்பறையில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் சேர்க்கையோடு நின்றுவிட்டது. சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும். நான் திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பனியன் கம்பெனிகளை ஒட்டிய பகுதி என்பதால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஓர் ஒடிசாச் சிறுமி. யார் எது கேட்டாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், பதில் வராது. தமிழ் புரியவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்பதுதான் பள்ளியில் பேச்சு. ஒருநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில் அவள் ஊர்க்காரப் பையன், ஐந்தாம் வகுப்பு படிப்பவன், "டீச்சர், நான் பின்னால நின்னு ஒடியாவுல கூப்பிட்டாலும் அவ திரும்ப மாட்டா" என்றான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்த்தார், பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு காதுக்கும் கேட்கும் திறன் குறைவு. இப்போது கருவி மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறாள்.

இதே குறை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இருந்திருந்தால் முதல் வகுப்பிலேயே தெரிந்திருக்கும். மொழி தெரியாத பிள்ளை என்று ஒதுக்கிவிட்டால் உடல் குறையும் கண்ணில் படுவதில்லை. நேர்மாறாகவும் நடக்கிறது. கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்துச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கும் பையன், கணக்கைத் தமிழில் வாசிக்க முடியாததால் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் 'அரும்பு' என்ற முதல் நிலையைத் தாண்டவில்லை. அவனை மந்தம் என்று சொல்ல எப்படி மனசு வரும்?

தாய்மொழியில் கற்பிப்பது பற்றியும், பிள்ளை பயமில்லாமல் படிப்பது பற்றியும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு அடுத்தடுத்தே பேசுகிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு 2016-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பெஞ்சிலேயே நனைத்துவிட்டு அழும் பிள்ளைக்கு, அவள் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆள்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் படிக்கிறவர்கள் தமிழ் படிக்கட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும், பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இந்தப் பிள்ளைகள் கபடி ஆடுமிடத்திலேயே பாதித் தமிழைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதுவரையிலான அந்த முதல் வருடத்துக்குத்தான் துணை கேட்கிறேன்.

பக்கத்தில் கேரளத்தில் செய்தார்கள். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டத்தில், பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பள்ளிக்கே வந்து அந்த மொழி வழியாக மலையாளம் கற்பித்தார்கள். நம்மிடமும் வழி இருக்கிறது. கொரோனாவால் விட்டுப்போன படிப்பை வீட்டருகிலேயே சொல்லித்தர வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டியது தமிழ்நாடு அரசு. தொழிலாளர் குடியிருப்புகளிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்கள், கைக்குழந்தை இருப்பதால் கம்பெனி வேலைக்குப் போக முடியாமல், வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கௌரவமான தொகை கொடுத்து, காலை உணவு நேரத்திலிருந்து மதியம்வரை பள்ளியில் இருக்கச் சொல்லலாம். 1,000 ரூபாய் போதாது என்பது என் கருத்து.

வரும் ஜூன் சேர்க்கையின்போதே அப்படி ஒருவர் தலைமையாசிரியர் மேஜைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரில் எதுவரை படித்தது, கண் எப்படி, காது எப்படி, வலிப்பு ஏதும் வந்ததுண்டா என்று தாயிடம் அவள் மொழியில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம், இத்தகைய பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் அந்தத் தாய்மார்களில் ஒருவருக்காவது இடம் தர வேண்டும். பள்ளிக் கல்வித் துறை இதற்கு மே மாதத்துக்குள் ஆணை பிறப்பித்தால்தான் நாங்கள் ஆள் தேடி வைக்க முடியும்.

இப்படிக்கு,
அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்