ரீத் எந்த வரிசையில் உட்காருவாள்?

அன்புள்ள வள்ளி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசினோம்தான், ஆனால் பேசியதெல்லாம் பிள்ளைகள் படிப்பும் உன் முட்டிவலியும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ கொடுத்தனுப்பிய நாரத்தங்காய் தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது, ஞாபகம் வைத்துக்கொள். ஜெயசீலி வீடு மாறியதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் மறைத்தாயே, அதற்கு நேரில் வந்து உன் காதைத் திருகுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டச்சு வகுப்பு ஆசிரியை ஒரு படம் கொடுத்தார். ‘லேட்ஃபெர்மாக்’ என்று பெயர். அடுத்தவர் துன்பத்தில் காணும் மகிழ்ச்சி என்று அர்த்தம். யூடித் ஹெர்ஸ்பெர்க் எழுதிய நாடகத்தை ஃப்ரான்ஸ் வைஸ் 1989இல் படமாக்கியிருக்கிறார். கதை நடப்பது ஒரு கல்யாண நாளில். மணப்பெண் லேயா யூதப் பெண். அவளுடைய பழைய கணவரும், மாப்பிள்ளையின் பழைய மனைவியும் விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் லேயாவின் அப்பா அம்மாவை வதைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, குழந்தையை ஒளித்து வளர்த்தவள் ரீத். பெற்றவர்கள் உயிரோடு திரும்பிவந்து மகளைக் கூட்டிக்கொண்டார்கள். இப்போது கல்யாணத்துக்கு ரீத்தும் வருகிறாள்.

அவ்வளவுதான் வள்ளி. சிரிக்கிறார்கள், குடிக்கிறார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறார்கள். யார் திரும்பி வரவில்லை என்பது அந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது. பார்த்த எனக்கு மூச்சு முட்டியது.

எழுதியவரும் எடுத்தவரும் அப்படி ஒளித்து வைக்கப்பட்ட குழந்தைகளாம். ஹெர்ஸ்பெர்க்கின் அப்பா அம்மா பெர்கன்-பெல்சன் வதைமுகாமிலிருந்து திரும்பி வந்தார்கள். வைஸின் அப்பா ஒரு நடிகர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் ஆம்ஸ்டர்டாம் பிளாந்தாஜ் பகுதிக்குப் போனேன். அங்கே ஒரு பழைய நாடக அரங்கு இருக்கிறது. 1942இல் யூதர்களைப் பிடித்து முதலில் அங்கேதான் அடைத்தார்கள். சிறு பிள்ளைகளை மட்டும் எதிர்ச்சாரியில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். நடுவில் டிராம் பாதை. டிராம் வந்து நின்று காவலாளியின் பார்வையை மறைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், காப்பகத்துப் பெண்கள் பிள்ளைகளை வெளியே கடத்தியிருக்கிறார்கள். அரங்கில் நிர்வாகியாக இருந்த வால்டர் சுஸ்கிண்ட் என்ற யூதர் அந்தப் பெயர்களைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார். காப்பகத் தலைவி ஹென்ரியெட்டா பிமென்டல். பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் யோஹான் வான் ஹுல்ஸ்ட் வேலிக்கு மேலே பிள்ளைகளை வாங்கிக்கொள்வார். இப்படி 600 பிள்ளைகள் வரை தப்பினார்கள். பிமென்டலை 1943இல் ஆஷ்விட்சில் கொன்றார்கள். சுஸ்கிண்டும் போர் முடிவதைப் பார்க்கவில்லை.

நான் நின்றிருந்தபோதும் ஒரு டிராம் வந்தது. மனசுக்குள் எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் நகர்ந்துவிட்டது. இருபது எண்ணுவதற்குள் ஒரு பிள்ளைக்கு வேறு பெயர், வேறு ஊர், வேறு அம்மா. பெற்றவளிடம் முன்கூட்டியே கேட்பார்களாம், பிள்ளையைத் தருகிறாயா என்று. என்னிடம் கேட்டிருந்தால்? நினைக்கவே முடியவில்லை.

இந்த நெதர்லாந்தில் இருந்த 1,40,000 யூதர்களில் ஏறக்குறைய 1,02,000 பேரைக் கொன்றுவிட்டார்கள். போர் முடிந்தபோது அநாதையாக நின்ற யூதப் பிள்ளைகள் ஏறக்குறைய 2,000 பேர். யார் வளர்ப்பது என்று முடிவு செய்ய அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. அதில் பெரும்பான்மை யூதரல்லாதவர்கள். மிச்சமிருந்த யூதர்கள் ‘எங்களுக்கென்று இருப்பது இந்தப் பிள்ளைகள்தானே’ என்று கெஞ்ச, பல பிள்ளைகளைக் கிறிஸ்தவ வீடுகளிலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கமிட்டி மேல் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் உயிரைப் பணயம் வைத்து மூன்று வருஷம் சோறூட்டியவளிடமிருந்து பிடுங்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

எதற்கு இவ்வளவும் என்று உனக்குப் புரிந்திருக்கும். அம்மாவுக்கு டிபி வந்தபோது ஐந்து வயது வரை நான் பெரியம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிட்டு வளர்ந்தவள் என்பது நம் செட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், அது பாவம். எங்களை யாரும் கொல்ல வரவில்லை. இருந்தாலும் ரீத் கல்யாண வீட்டுக்குள் வந்ததும் நான் படத்தை நிறுத்திவிட்டு என் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். மேடைப் படங்கள் எதிலும் பெரியம்மா இல்லை. பந்திப் படத்தில் ஓரமாக, கையில் பாயச வாளியோடு, கேமராவைப் பார்க்காமல் நிற்கிறார். அந்தப் பந்தியில் நீயும் இருக்கிறாய். அன்றைக்கு அவரை மேடைக்கு யாராவது கூப்பிட்டார்களா வள்ளி? நான் கூப்பிட்டேனா? உனக்கு ஞாபகம் இருந்தால் மறைக்காமல் எழுது.

அவர் நிலக்கோட்டையில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன். உனக்கு ஒரு பஸ்தானே, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. டிசம்பரில் வருகிறேன். வந்ததும் முதலில் அங்கேதான் போகப்போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்,
செல்வி