மாதிரி மூளைக்கு வலிப்பு வராமல் இருக்க

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். எலிக்கூண்டும் நுண்ணோக்கியும் கீழ்த்தளத்துக்காரர்களுக்கு. எங்கள் தளத்தில் திரைகள் மட்டுந்தான்; மூளைச் செல்களின் வலைகளைக் கணினியில் மாதிரியாகக் கட்டி ஓட்டிப் பார்க்கிறோம். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கிளஸ்டரில், அதாவது பல கணினிகளைச் சேர்த்த தொகுப்பில், வரிசை போட்ட வேலைகள் ராத்திரியில்தான் ஓடும். காலையில் திறந்தால் பாதி வலைகள் வலிப்பு கண்டிருக்கும்.

நாங்கள் கட்டுவது, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் சிஏ3 என்ற பகுதியை. எலிக்கு அங்கே சுமார் 3 லட்சம் செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 12,000 இணைப்புகள் சக சிஏ3 செல்களிடமிருந்தே வருகின்றன. அரைகுறைக் குறிப்பிலிருந்து (நினைவின் ஒரு பகுதியை மட்டும் தூண்டிவிடுவதிலிருந்து) முழு நினைவு எழுவது இந்த உள்சுற்றால்தான் என்று மூளைக் கோட்பாட்டாளர் டேவிட் மார் 1971-லேயே சொன்னார். வலிப்புக்கும் அதுவே வழி: ஒரு செல் பத்தைத் தூண்டும், பத்து நூறைத் தூண்டும், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், அதாவது ஸ்பைக் என்ற மின்துடிப்பை விடும்.

உன் லேப்டாப்பிலேயே, நரம்புச் செல் வலைகளை ஓட்டும் பிரையன் மென்பொருளில் செய்து பார்க்கலாம். 4,000 செல் போதும்: 3,200 தூண்டுபவை, 800 தடுப்பவை. செல் சவ்வின் கால மாறிலி (மின்னழுத்தம் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பது) 20 மில்லிவிநாடி, ஸ்பைக் அடிக்கும் வாசல் -50 மில்லிவோல்ட், ஸ்பைக் அடித்ததும் -60-க்கு இறக்கி 2 மில்லிவிநாடி ஓய்வு. தடுப்பவை தூண்டுபவற்றில் கால் பங்குதான். ஆகவே செல்களை இணைக்கும் சினாப்ஸ் மின்னோட்ட வகை (ஒவ்வொரு ஸ்பைக்கும் நிலையான அளவு மின்னோட்டம் தருவது) என்றால், தடுப்பு இணைப்பின் எடை, அதாவது வலிமை, தூண்டும் இணைப்பைப் போல் நாலு மடங்குக்குச் சற்று மேலே இருக்கட்டும். ஐந்தில் தொடங்கு. குறைந்தால் வலிப்பு, ஏகத்துக்கு ஏற்றினால் குறிப்பு கொடுத்தாலும் அசையாது. காலப்படி, அதாவது கணினி ஒவ்வொரு முறையும் முன்னே நகரும் நேரம், 0.1 மில்லிவிநாடி. சோம்பல்பட்டு 1 வைத்தால், முன்பின்னாக வரவேண்டிய ஸ்பைக்குகள் ஒரே கட்டத்தில் விழுந்து இல்லாத ஒத்திசைவைக் காட்டும்.

சேர்ந்து அடிக்கும் செல்களின் இணைப்பை வலுப்படுத்துவதுதான் கற்றல். அந்த எடைக்கு உச்சவரம்பு போடாவிட்டால் ஏறிக்கொண்டே போகும், மறுபடி வலிப்புதான்.

வலை எத்தனை நினைவுகளைத் தாங்கும் என்ற கொள்ளளவு இன்னொரு வம்பு. இயற்பியலாளர் ஹாப்ஃபீல்டின் 1982 நினைவு வலையில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத வடிவங்கள் (ஒரு நினைவுக்காகச் சேர்ந்து இயங்கும் அலகுகளின் தொகுதி) என்றால், 1,000 அலகுக்கு 138 வரை நிற்கும். அதைத் தாண்டினால் கடைசியாகச் சேர்த்தது மட்டும் போகாது, எல்லாமே குழம்பிவிடும். ஒன்றுபோல் இருக்கும் வடிவங்கள் என்றால் இன்னும் சீக்கிரம். மூளையில் ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்துக் கொடுக்கத்தான் சிஏ3-க்கு முன்வாசலில் டென்டேட் கைரஸ் என்ற பகுதி இருக்கிறது என்பது பரவலான கருத்து. எலியில் அங்கே சுமார் 10 லட்சம் செல்கள், ஒரு நேரத்தில் விழித்திருப்பவை மிகச் சில. நீயும் ஒவ்வொரு வடிவத்திலும் நூற்றுக்கு மூன்று நான்கு செல்களை மட்டும் இயக்கு.

இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அழகான வரைபடம் காட்டினாலும், "குறிப்பை அணைத்துவிட்டு அளந்தீர்களா?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கூடக் கேட்பார். நியாயமான கேள்வி. குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால், கொடுத்ததையே திருப்பி வாங்கி நினைவு என்கிறோம். 100 மில்லிவிநாடி பாதி வடிவத்தைக் கொடு, நிறுத்து, அடுத்த 300 மில்லிவிநாடியில் மீதிப் பாதிச் செல்கள் அடிக்கின்றனவா என்று மட்டும் எண்ணு. பிறகு எடைகளைக் கலைத்துப்போட்டு அதையே ஓட்டு. அப்போதும் அதே எண்ணிக்கை வந்தால் உன் வலை எதையும் கற்கவில்லை.

ஸ்பைக் புள்ளிப்படத்தையும் எடைக் கோப்பையும் சேர்த்தே அனுப்பு. படத்தை மட்டும் வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணன்