பூட்டு நிற்காத மல்டிடூலும் "திருகைத் தொட்டீர்கள்" என்ற பதிலும்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மல்டிடூலின் லைனர் லாக் கோளாறு; உத்தரவாத மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் பிளையர் வகை மல்டிடூல் (பிளையர், பிளேடு, கத்தரிக்கோல் ஆகியவை ஒன்றாய் அமைந்த மடக்குக் கருவி) குறித்த என் முதல் புகாருக்கு, "பிவட் திருகு பயனரால் திருகப்பட்டுள்ளது, ஆகவே உத்தரவாதம் செல்லாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிவட் என்பது பிளேடு மடங்கித் திறக்கும் அச்சு. கருவியோடு நீங்களே தந்த கையேட்டில் "பிளேடில் ஆட்டம் ஏற்பட்டால் டி8 டார்க்ஸ் கொண்டு இறுக்கவும்" என்று, அதாவது ஆறுமுனை நட்சத்திரத் திருப்புளியால் இறுக்கச் சொல்லி, அச்சிட்டிருக்கிறது. கையேடு செய்யச் சொன்னதைச் செய்தது எப்படிக் குற்றமாகும்?

முதலில் பூட்டு. லைனர் லாக்கில், பிளேடு முழுதாகத் திறந்ததும் பக்கவாட்டுத் தகடு உள்ளே தாவி பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கட்டையாக நிற்க வேண்டும். அடிப்பகுதியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தகடு மறைத்திருந்தால் அது நல்ல பிடிப்பு. என்னிடம் உள்ள கருவியில் தகடு விளிம்பை மட்டும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவுக்கு, தொட்டுக்கொண்டு நிற்கிறது. விரல்கள் மடங்கும் பாதையில் இல்லாதபடி கைப்பிடியைப் பிடித்து, பிளேடின் முதுகை ஒரு மரத்துண்டின்மேல் மெல்ல அழுத்தினால் பத்தில் நான்கு முறை பூட்டு நழுவி பிளேடு மடங்குகிறது. வேலை நடுவே இப்படி மடங்கினால் அதன் பாதையில் இருப்பது விரல்தான்.

இதற்குத் திருகைக் காரணம் காட்ட முடியாது. பிவட் தளர்ந்தால் பிளேடு பக்கவாட்டில் ஆடும், பூட்டு நிற்கும் இடமும் கொஞ்சம் மாறும், அது உண்மை. ஆனால் ஆட்டம் முழுதாகப் போகும்வரை இறுக்கிய பிறகும் தகடு அதே விளிம்பில்தான் நிற்கிறது. அப்படியானால் தகட்டின் வளைவு போதவில்லை, அல்லது அடிப்பகுதியின் சாய்வு முகம் தவறான கோணத்தில் தேய்க்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஆலையில் நேர்பவை. இன்னும் இறுக்கிச் சரிக்கட்டலாம் என்று உங்கள் பணிமனை சொல்லுமானால், அதற்கும் இடமில்லை: இன்னும் கால் சுற்று இறுக்கினாலே பிளேடு கையால் இழுத்தாலும் திறக்காது.

திருகு ஏன் தளர்ந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். திருகின் புரிகளில், அது தானாகத் தளராமல் பிடிக்கும் பசையின் தடமே இல்லை. நீல நிற நடுத்தர வகைப் பசை ஒரு துளி இருந்திருந்தால், நூறு முறை திறந்து மூடுவதற்குள் அது கழன்றிருக்காது. மேலும், இந்த பிவட்டின் இரு பக்கத் தலைகளும் சுழலக்கூடியவை. ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கமும் கூடவே சுற்றும். இறுக்க இரண்டு டி8 வேண்டும். பெட்டியில் நீங்கள் வைத்தது ஒன்றே ஒன்று.

அடுத்தது, பிளேடில் பொறித்துள்ள "440 ஸ்டீல்". 440 என்பது ஒரே எஃகின் பெயர் அல்ல. 440ஏ வகையில் கரிமம் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி வகையில் 0.95 முதல் 1.20. வெட்டும் விளிம்பு எவ்வளவு நாள் கூர்மை தாங்கும் என்பதை இந்த வேறுபாடும், அதற்குத் தந்த வெப்பப் பதமும் தீர்மானிக்கின்றன. எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பொறித்தால், வாங்குபவர் மேலான 440சி என்றே நினைத்துக்கொள்வார். அந்த நினைப்புக்காகத்தான் எழுத்து விடப்பட்டதோ என்று கேட்கத் தோன்றுகிறது. எந்த வகை, எத்தனை ராக்வெல் (எஃகின் கடினத்தை அளக்கும் அளவு) கடினம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

பிளையரின் கம்பிவெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "கடினக் கம்பி 1.5 மி.மீ. வரை" என்று பெட்டி சொல்கிறது. ஸ்பிரிங் கம்பி பக்கமே போகவில்லை. சாதாரணக் கட்டுக்கம்பியை வெட்டியதிலேயே இரு விளிம்புகளிலும் பள்ளம் விழுந்துவிட்டது. கட்டுக்கம்பி மிருதுவானது. அதற்கே விளிம்பு அமுங்கினால் வெட்டிக்குப் பதம் ஏறவில்லை என்று பொருள். திருகு கழற்றி மாற்றக்கூடிய வெட்டியாக இருந்தால் ஒரு ஜோடி கேட்டு முடித்திருப்பேன். இது பிளையரின் உடலிலேயே கடைந்தது, மாற்ற வழியில்லை.

நியாயத்துக்குச் சொல்கிறேன்: கத்தரிக்கோல் அருமை, ஸ்பிரிங் நன்றாக மீள்கிறது. மூடிய பிளையரை வெளிச்சத்தில் பிடித்தால் மூக்கு நுனிகள் நேராகச் சந்திக்கின்றன. தட்டையாக வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஆழமான திருகுகளில் வழுக்குகிறது, ஆனால் எடை குறைக்கச் செய்த சமரசம் என்று அதை விட்டுவிடலாம். பூட்டை அப்படி விட முடியாது.

ஆகவே கேட்பவை: பூட்டுப் பிடிப்பை அளந்து பார்த்து அனுப்பிய மாற்றுக் கருவி, அல்லது முழுப் பணம். பழுது பார்த்துத் தருவதாக இருந்தால் தகட்டை வளைத்து மட்டும் தர வேண்டாம்; சாய்வு முகம் தவறாக இருந்தால் சில வாரங்களில் பழையபடி நழுவும். அத்துடன், கையேட்டின் வரியும் உத்தரவாதச் சீட்டின் வரியும் ஒன்றையொன்று மறுக்கின்றன. எது செல்லும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே தொகுப்பில் வெளிவந்த மற்றக் கருவிகளின் பூட்டையும் சோதித்து, குறை இருந்தால் வாங்கியவர்களுக்கு அறிவியுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அதற்குள் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் இதே கடிதத்தை இணைப்புகளோடு அளிப்பேன். கருவியை அனுப்பச் சொன்னால் பிளேடை மூடி, ரப்பர் வளையம் போட்டு அனுப்புகிறேன். திறக்கும் உங்கள் ஊழியர் பூட்டை நம்பி விரல் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் திருகு இறுக்கும் பக்கம், பூட்டு நிற்கும் இடத்தின் நெருக்கப் படங்கள் 3, வெட்டி விளிம்பின் படம் 1.