திருகோணமலையின் ஒற்றை ஆசனம்: தமிழரசுக் கட்சியின் மத்திய குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் திருகோணமலை மாவட்ட வாக்காளர். உங்கள் கட்சியில் அங்கத்தவர் இல்லை. ஆனால் வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து வீட்டுச் சின்னத்தைத் தவிர வேறொன்றுக்கும் புள்ளடி போட்டதில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் முதல்நாள் இரவு ஒரு வழக்கம் இருந்தது. அம்மம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாதிரி வாக்குச்சீட்டை மேசையில் விரித்துவைத்து, "ஐயாவின்ரை நம்பர் என்ன?" என்று கேட்பார். ஐயா என்றால் எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் சம்பந்தன் ஐயா. எந்தச் சின்னம் என்று கேட்கமாட்டார். அது எப்போதும் வீடுதான். கட்சிப் பட்டியலில் பிடித்தவர்களின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு மூன்று இருக்கிறதே, மற்ற இரண்டையும் யாருக்குப் போடுவது என்று நாங்கள் கேட்டால், "மற்ற ஆக்களை எனக்குத் தெரியாதே பிள்ளை" என்பார். நான்கு ஆசனம் உள்ள மாவட்டத்தில் ஒரு கட்சி ஏழு பேரை நிறுத்த வேண்டும். அந்த ஏழில் ஆறு பேரை, தன் வாழ்நாளில் பாதியை உங்கள் கட்சிக்கு வாக்களித்தே கழித்த ஒரு கிழவிக்குத் தெரியவில்லை. அது அவருடைய பிழை இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இராஜவரோதயம் சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30ஆம் திகதி, 91 வயதில் காலமானார். அப்போது வந்த இரங்கல்களில் "அரை நூற்றாண்டுப் பாராளுமன்ற வாழ்க்கை" என்ற வாசகத்தைப் பலமுறை படித்தேன். முதன்முதலில் அவர் தெரிவானது 1977 ஜூலையில். அங்கிருந்து எண்ணினால் 47 வருடம் என்பது சரி. ஆனால் அவர் சபையில் உறுப்பினராக இருந்த காலத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 32 வருடம்தான் வரும். மீதி 15 வருடம் எங்கே போனது என்பதில்தான் திருகோணமலைத் தமிழரின் கதையே இருக்கிறது. அதை அழித்துவிட்டு நேர்கோடாக எழுதினால் அவருக்கும் நியாயம் இல்லை, எங்களுக்கும் இல்லை.

1977இல் அவருக்கு வயது 44. உங்கள் கட்சியும் சேர்ந்து உருவாக்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரான தேர்தல் அது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பை வைத்து, அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்கள். மக்கள் தந்த காலத்துக்கு மேல் இருப்பதில்லை என்று கூட்டணி சபையைப் பகிஷ்கரித்தது. பிறகு 1983 ஜூலைக் கலவரம். ஓகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம். பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யாமல் சபையில் இருக்க முடியாது என்றது சட்டம். மூன்று மாதம் சபைக்குப் போகாததால் செப்டெம்பரில் அவருடைய ஆசனம் பறிபோனது.

1989இல் மீண்டும் நின்றார். கூட்டணிக்கு இந்த மாவட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1994இல் கூட்டணிக்கு ஓர் ஆசனம் வந்தது. ஆனால் விருப்பு வாக்கில் முதலாவதாக வந்தவர் தங்கத்துரை. ஐயா இரண்டாவது. 1997 ஜூலை 5ஆம் திகதி ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி நிகழ்வுக்குப் போன தங்கத்துரையைக் கொன்றார்கள். அந்த வெற்றிடத்துக்குத்தான் ஐயா 14 வருடத்துக்குப் பிறகு சபைக்குத் திரும்பினார். இன்னொருவரின் இரத்தத்தின் மேல் நடந்து போய் உட்கார வேண்டிய கதிரை அது. அவர் அதை எப்படித் தாங்கினார் என்று யாரும் கேட்டு எழுதிவைத்ததாக நான் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அதுவும் போனது. கூட்டணிக்கு மறுபடியும் பூச்சியம்.

2001 ஒக்டோபரில் தமிழ்க் கட்சிகளின் கூட்டாகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகி, டிசம்பரில் அவர் தெரிவானார். அதன் பின்பு தோற்கவே இல்லை: 2004, 2010, 2015, 2020. நீங்கள் மேடையில் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

சரி, அந்தப் பகுதியையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2004இல் உங்கள் வீட்டுச் சின்னத்தில் நின்ற கூட்டமைப்பு 68 ஆயிரத்துக்கு மேல் வாக்கு எடுத்து, மாவட்டத்தில் முதலாவதாக வந்தது. முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அதனால் எங்களுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள்: ஐயாவும் துரைரெட்ணசிங்கமும். அந்தத் தேர்தல் எந்தச் சூழலில் நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடுவோம். 2010இல் 33,268. 2015இல் 45,894. 2020இல் 39,570. மூன்று முறையும் ஓர் ஆசனம்.

போனஸ் போக மிஞ்சுகிற மூன்று ஆசனத்துக்கும் கணக்கில் சேரும் மொத்த வாக்கை மூன்றால் பிரித்துப் பாருங்கள். 2020இல் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 65 ஆயிரம் வாக்கு தேவை. எங்களிடம் இருந்தது 40 ஆயிரம்கூட இல்லை. முழு ஆசனத்துக்குக் கொடுத்தது போக மற்றக் கட்சிகளிடம் மிஞ்சிய வாக்கு எங்களுடையதைவிடக் குறைவாக இருந்தபடியால் அந்த ஆசனம் வந்தது. 2010, 2015 கணக்கும் இதேதான். மூன்று தேர்தலாக நாங்கள் மீதி வாக்கில் பிழைத்திருக்கிறோம். மாவட்டச் சனத்தொகையில் தமிழர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஓர் இருபதாயிரம் பேர் வீட்டில் படுத்திருந்தால், அல்லது இரண்டு சின்னத்தில் பிரிந்தால், 2000ஆம் ஆண்டு திரும்பி வரும்.

இன்னொரு இலக்கத்தையும் பாருங்கள். 2015இல் ஐயாவின் விருப்பு வாக்கு 33 ஆயிரத்துக்கு மேல். 2020இல் 21 ஆயிரத்துச் சொச்சம். கட்சியின் வாக்கு ஆறாயிரம் குறைந்தபோது, அவருடையது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைந்திருக்கிறது. வீட்டுக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அவருடைய இலக்கத்தைத் தொடாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் துரோகிகள் இல்லை. 87 வயது மனிதரை ஓய்வெடுக்க விடுங்கள் என்று, தங்களுக்குக் கிடைத்த ஒரே வழியில் சொன்னவர்கள். நானும் அதில் ஒருவன். அம்மம்மாவுக்கு இதைச் சொன்னதில்லை.

ஐயாவைக் குறைசொல்ல வந்தவன் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2018 ஒக்டோபரில் பிரதமரை மாற்றி, நவம்பரில் பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் முதலாவது மனு அவருடைய பெயரில். ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்று டிசம்பர் 13ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள். இந்த நாட்டின் சட்ட மாணவர்கள் இனி எப்போதும் படிக்கப்போகும் அந்த வழக்கின் தலைப்பில் எங்கள் ஊர்க்காரரின் பெயர் இருக்கிறது. தீர்ப்பு வந்து ஐந்தாம் நாள் எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவரிடமிருந்து மஹிந்த ராஜபக்சவுக்குப் போனது. காப்பாற்றிக் கொடுத்த சபை அவருக்குக் கொடுத்த கைம்மாறு அதுதான். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த முதல் தமிழர் அவர். இருந்தது மூன்று வருடமும் சில மாதமும்.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரும் இருக்கிறது. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சனம் முகாம்களில் கிடந்து, 2015இல் 818 ஏக்கர் விடுபட்டபோதுதான் தங்கள் வளவுகளைக் கண்டது. கிணறு தூர்ந்து, பனை தறிபட்டு, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் நின்றது. அதற்கு ஐயா கதைத்தது, கடிதம் எழுதியது, போய் நின்றது எல்லாம் உண்மை. 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் இலங்கையின் தேசியக் கொடியான சிங்கக் கொடியைப் பிடித்த படமும் உண்மை. அந்தப் படத்தால் எங்கள் ஒழுங்கையில் அண்ணன் தம்பி கதையாமல் இருந்தார்கள். இரண்டும் ஒரே மனிதரின் கணக்கில்தான் வரும்.

வாரிசை வளர்க்கவில்லை என்று அவரைச் சொல்வது சுலபம். தங்கத்துரை கொல்லப்பட்டதைச் சொன்னேன். 2006 ஏப்ரலில், தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் போக இருந்த விக்னேஸ்வரனைத் திருகோணமலை நகரில் பட்டப்பகலில் சுட்டார்கள். மட்டக்களப்பில் நத்தார் நள்ளிரவுப் பூசையில் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டதால் காலியான இடம் அது. அடுத்து யார் என்ற கேள்விக்குப் பதிலாக எழும்பி நின்றவர்களைத் துப்பாக்கி தேடி வந்த காலம். அந்தக் காலத்தில் இரண்டாம் வரிசை எங்கே என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஆனால் 2009க்குப் பிறகு? 2010இலிருந்து 2020 வரை மூன்று பொதுத்தேர்தல். ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர். அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்று எங்களுக்குத் தெரியும். ஐயாவின் பெயரை மேலே போட்டு, மிச்சம் ஆறு இடத்தை வேட்புமனுக்குக் கடைசிக் கிழமையில் நிரப்புவீர்கள். மூதூருக்கு ஒருவர், நகரத்துக்கு ஒருவர் என்று ஆள் சேர்க்கிற கணக்கு. தேர்தல் முடிந்த அடுத்த நாள் அவர்களைக் காணமுடியாது. அவர்களுக்கும் தெரியும், தாங்கள் வாக்குச் சேர்க்க நிறுத்தப்பட்டவர்கள் என்று. 2023இல் உங்கள் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரனே ஐயா விலகுவது நல்லது என்று பகிரங்கமாகச் சொன்னார். எங்களுக்கு ஆச்சரியம் அதைச் சொன்னதில் இல்லை. சபைக்குப் போகவே உடம்பு இடம்கொடாத ஒருவரை 2020 பட்டியலில் மேலே போட்டபோது உங்கள் மத்திய குழுவில் ஒருவரும் ஏன் அதைச் சொல்லவில்லை என்பதுதான். அவர் விலக மறுத்தார். மக்கள் ஐந்து வருடத்துக்குத் தெரிந்தே தந்த ஆணை என்பது அவர் பக்க நியாயம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

அந்த நாலு வருடம் மாவட்டத்துக்கு இருந்த ஒரே தமிழ்க் குரல் கொழும்பு வீட்டில் படுக்கையில் இருந்தது. ஒரு காணிப் பிரச்சினைக்குக் கடிதம் வாங்க அலைந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பேரம் பேசவோ வாதாடவோ வேண்டாம். பிரதேச செயலகத்தில் நடக்கிற ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து "இது எங்கட ஆக்களின்ரை காணி" என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

2024 நவம்பரில் குகதாசன் வென்று ஆசனத்தைக் காப்பாற்றினார். கூட்டமைப்பின் பழைய பங்காளிக் கட்சிகள் ஒருவருக்கொருவர் எதிராகக் கேட்ட அந்தத் தேர்தலில், எங்கள் மாவட்டத்தில் மட்டும் சண்டையை ஒதுக்கிவைத்து ஒரே சின்னத்தில் நின்றீர்கள். அதற்கு நன்றி. யாழ்ப்பாணத்தில் ஆறில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி கொண்டுபோன அலை இங்கேயும் அடித்தது. நான்கில் இரண்டு அவர்களுக்கு. நீங்களோ அதே வருடம் ஜனவரியில் இதே திருகோணமலையில் தலைவரைத் தெரிவுசெய்ய வாக்கெடுப்பு வைத்து, அடுத்த மாதமே இதே ஊர் நீதிமன்றப் படியில் ஒருவருக்கொருவர் எதிராக நின்றீர்கள். கோட்டடிப் பக்கம் போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த பொதுத்தேர்தலுக்கான ஏழு பெயரை இந்த வருடமே தெரிவுசெய்யத் தொடங்குங்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து அல்ல, இங்கே உள்ள கிளைகளில் வைத்து. வெருகலிலும் சம்பூரிலும் குச்சவெளியிலும் உள்ள சனம் முகம் பார்த்துத் தெரிவுசெய்யட்டும். அந்த ஏழில் பெண்கள் இருக்கட்டும், படத்துக்கு நிற்க அல்ல. தெரிவானவர்களை அடுத்த தேர்தல்வரை ஒவ்வொரு பிரதேச சபைக்கும் பொறுப்பாகப் போடுங்கள். அப்புறம், ஒருவர் நோயாலோ முதுமையாலோ தொடர்ந்து ஆறு மாதம் சபைக்குப் போக முடியாவிட்டால் இடத்தை அடுத்தவருக்கு விடுவதாக, வேட்புமனுவில் கையெழுத்து வைக்க முதலே கட்சிக்கு எழுதித் தரட்டும். ஐயாவுக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால், கடைசி வருடங்களில் சொந்தக் கட்சிக்காரர் தொலைக்காட்சியில் தன்னைப் போகச் சொல்வதை அவர் கேட்க வேண்டி வந்திருக்காது.

அவருடைய பாராளுமன்ற உரைகள் ஹன்சாட்டில் கிடக்கின்றன. தொகுத்துப் போடுங்கள். தோற்ற தேர்தல்களையும் சேர்த்து.

அம்மம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. போன தேர்தலில் நான்தான் மாதிரி வாக்குச்சீட்டைப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல் ஐயாவின் இலக்கத்தைக் கேட்டார். ஐயா இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மிச்சப் பேரை ஒருக்கால் வாசி" என்றார். ஏழையும் வாசித்தேன். ஒவ்வொருவரும் எந்த ஊர், யாருடைய மகன், என்ன செய்தவர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது பெயரோடு எனக்குப் பதில் முடிந்துவிட்டது.

மாவட்டக் கிளைக் கூட்டம் எப்போது, எந்த மண்டபத்தில் என்று முற்கூட்டியே அறிவியுங்கள். கதிரை போதாவிட்டால் நாங்கள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலை வாக்காளர் ஒருவர்