ஹாப்பெல், அந்த மூன்று கோல்கள்

அன்புள்ள எர்ன்ஸ்ட் ஹாப்பெல் அவர்களுக்கு,

இன்று நவம்பர் 14. 1992இல் நீங்கள் மறைந்த நாள். ஃபெயனூர்டுக்கும் ஹாம்பர்குக்கும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றி இன்று பலரும் எழுதுவார்கள். எழுதட்டும். எனக்குத் தடுப்பாட்டக்காரராகப் பின்வரிசையில் நின்ற ஹாப்பெலிடம்தான் பேச வேண்டும்.

1956இல் இதே தேதியில்தான் ரியல் மாட்ரிட் வியன்னாவுக்கு வந்தது. ஐரோப்பியக் கோப்பையின் நடப்பு சாம்பியன், நட்சத்திர வீரர் டி ஸ்டெஃபானோ வேறு இருக்கிறார். முதல் ஆட்டத்தில் மாட்ரிட் போய் 4-2 என்று தோற்றுவிட்டு வந்திருந்தது வியன்னாவின் ராபிட், உங்கள் அணி. இடைவேளைக்குள் மூன்று கோல், மூன்றும் உங்களுடையவை! ஒன்று பெனால்டி, சரி. ஆனாலும் கோலைத் தடுக்க வேண்டியவர் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஹாட்ரிக் அடிப்பதை வேறு எங்கே பார்ப்பது? பிறகு டி ஸ்டெஃபானோ ஒன்று அடித்தார். மொத்தம் 5-5. வெளியூரில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் விதி அன்று இருந்திருந்தால் அடுத்த சுற்று உங்களுக்குத்தான். மூன்றாவது ஆட்டத்துக்கு எதற்காக மறுபடி மாட்ரிட் போனீர்கள்? பொதுவான ஊரில் ஆடலாம் என்று யாருமே சொல்லவில்லையா? 2-0. முடிந்தது.

அப்புறம் 1954, பேசல், உலகக் கோப்பை அரையிறுதி. நினைவுநாளில் இதைக் கேட்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை. லொசானில் சுவிட்சர்லாந்திடம் மூன்று கோல் பின்தங்கியும் 7-5 என்று வென்ற ஆஸ்திரிய அணி, நான்கே நாளில் மேற்கு ஜெர்மனியிடம் 6-1 என்று எப்படிச் சரிந்தது? ஜெர்மனியின் வால்டர் சகோதரர்கள் ஆளுக்கு இரண்டு கோல் அடித்தார்கள். தடுப்பின் நடுவில் நின்றது நீங்கள். அன்று கிளம்பிய பேச்சுகளை இங்கே எழுத மாட்டேன், நாலு பேர் படிக்கிற இடம். பதினொரு பேர் தோற்றதற்கு ஒருவரைப் பிடித்து நிறுத்துவதும் நியாயமில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உங்களை இறக்கவே இல்லை. எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் அதன்பின் வியன்னாவை விட்டு சில காலம் பாரிஸுக்குப் போனீர்களே, அதில் எனக்குக் கோபம்தான். அங்கேயே இருந்து பதில் சொல்லியிருக்க வேண்டாமா?

கடைசியில் நோயோடு ஆஸ்திரிய அணிக்கே பயிற்சியாளராக வந்தீர்கள். நீங்கள் போன நான்காம் நாள் நியூரம்பெர்கில் ஆட்டம், எதிரணி ஜெர்மனி. பெஞ்சில் உங்கள் தொப்பியை வைத்துவிட்டு ஆடினார்கள். 0-0. உங்கள் பையன்கள் அன்று ஒரு கோல்கூட விடவில்லை, ஐயா.

அந்த சிகரெட்டை மட்டும் விட்டிருக்கலாம். 66 ஒரு வயதா?