புகைக்குச் செலவிடும் பணம்: நம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நம் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கொசுப் புகை அடிக்க வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் கேட்டு லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். கொடுக்க மனமில்லாமல் இதை எழுதவில்லை. சென்ற ஆண்டு இதே மாதம் என் மகள் டெங்குவால் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த நாள்களில், காலையில் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தைய வாரம்தான் நம் வளாகம் முழுக்கப் புகை அடித்திருந்தோம்.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். யாரோ காலி செய்துபோகும்போது விட்டுச்சென்ற ஆட்டுக்கல் அங்கே சுவரோரம் கிடக்கிறதே, அதன் குழியில் மழைநீர் நின்றது. குனிந்தேன். என் நிழல் பட்டதும் நூல்துண்டுகள் போன்றவை நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. அசையாமல் நின்றேன். ஒவ்வொன்றாக மேலே வந்து, வால்முனையை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கின. அந்த முனையில் இருக்கும் சிறு குழாய் வழியாகத்தான் கொசுப்புழு மூச்சுவிடுகிறது. நடுவே காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுக்களும் இருந்தன. இரண்டு நாள் விட்டிருந்தால் பறந்திருக்கும். என் மகள் படுக்கும் அறையின் சன்னல் அங்கிருந்து பத்தடி தூரம்கூட இல்லை.

புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். நீருக்குள் இருக்கும் புழுவையோ முட்டையையோ அது தொடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கிறது. நாமோ புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் சன்னல்களை அடைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏடிஸ் நீரின்மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். ஆகவே நீரைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பொரிந்த புழு நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, கொசுவாக வெளிவர நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் புழு கொசுவாகும் அந்தச் சுற்று பாதியிலேயே அறுந்துவிடும். மாதம் இருமுறை புகை போட்டால், இரண்டு புகைக்கு நடுவே ஒரு தலைமுறை முழுதாக வளர்ந்துவிடுகிறது.

மொட்டைமாடித் தொட்டியையும் பாருங்கள். உடைந்த மூடிமேல் சாக்கைப் போட்டுச் செங்கல் வைத்திருக்கிறோம். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் வகைக்கு இப்படிப்பட்ட மேல்நிலைத் தொட்டிகளும் கிணறுகளுமே பிடித்த இடம். புகைக்கான பணத்தில் இறுக்கமான மூடி வாங்கலாம், வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்டலாம். வீடுகளுக்குள் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஏசி நீர் பிடிக்கும் வாளி ஆகியவற்றை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் டார்ச்சோடு கொசுப்புழு தேடி வரும் மாநகராட்சிப் பணியாளர்களைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். அப்படிச் சொல்லிவைத்தது நாம்தான். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் அந்தப் பெண்களை உள்ளே விடச் சொல்லுங்கள், ஐயா. நமக்குத் தெரியாத மூலையெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தேங்காய் நாரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மாடிப்படி அருகே நிற்பேன். என் மகளும் வருகிறாள். மாடிக் கதவின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அதைக் காவலாளியிடம் கொடுத்துவையுங்கள். ஆட்டுக்கல்லை அன்று குப்புறக் கவிழ்த்துவிட வேண்டும். அதைத் தனியாகப் புரட்ட எனக்கு வலுவில்லை, இரண்டு பேர் கைகொடுத்தால் போதும்.

அன்புடன்,
தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு தாய்