குளத்தை மூன்று தடவை வார வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வருடம் பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறை அணையை அடைத்ததும் நம் குளத்தில் ஆகாயத்தாமரையை வாரினோம். இரண்டு நாள் ஜேசிபி ஓடியது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தண்ணீரைப் பார்த்தபோது படித்துறையில் நின்ற பெரியவர்கள் கண் கலங்கினார்கள். ஓணத்துக்குள் குளம் மறுபடியும் மூடிவிட்டது.

தப்பு கமிட்டியின் மேல்தான். லாரிக்குப் பணம் இல்லாததால் வாரியதைக் கரையின் உள்சரிவிலேயே குவித்துவிட்டோம். மழையில் அது அப்படியே குளத்துக்குள் சரிந்தது. கோரைக்குள் மிச்சமிருந்த செடிகளும் கொடி விட்டுப் படர்ந்தன. தென்னமெரிக்காவிலிருந்து ஊதாப் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்தச் செடி, தோதான தண்ணீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். விதை சேற்றில் பல வருடம் கிடந்தும் முளைக்கும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளாயணிக் காயலிலும் இதே தொல்லைதான், அங்கே குளவாழை என்பார்கள்.

நம் குளத்துத் தாமரை தோவாளைச் சந்தைக்குப் போன காலம் உண்டு. இன்று அந்தத் தாமரைக்கு வெயில் படவில்லை, மீனுக்கு மூச்சுக் கிடைக்கவில்லை. 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வரும் பறவைகள் இங்கேயும் இறங்கும். இப்போது இறங்கத் தண்ணீர் தெரிவதில்லை. மடையில் செடி அடைத்துக்கொண்டு, கன்னிப்பூ நெல் சாகுபடிக்குக் கடைவயல்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

சரி, இந்த வருடம் என்ன செய்யப்போகிறோம்? மார்ச்சில் இயந்திரம் வைத்து ஒரு தடவை வாருவோம். ஜூன் 1-இல் அணை திறப்பதற்கு முன் இரண்டாம் தடவை. அப்புறம் மூன்றாம் தடவையாக வள்ளத்தில் போய்க் கையால் பொறுக்குவது, ஓணம் வரை மாதாமாதம். வாரியதை மேட்டில் நன்றாகக் காயவைத்து (பச்சைச் செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்), வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காகக் கொடுப்போம். உங்கள் பணம் பெரும்பாலும் லாரிக்கும், இரண்டாம் மூன்றாம் தடவைக் கூலிக்கும்தான் போகும். அதில் குறை வைத்தால் போன வருடக் கதைதான்.

வீட்டுக்கு 500 ரூபாய், ஆயக்கட்டுக்காரர்கள் (குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்கள்) ஏக்கருக்கு 1,000 ரூபாய் தர வேண்டுகிறோம். முடியாதவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தந்தாலும் போதும். ஊர் நூலகத்தில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வரவு செலவு அங்கேயே பலகையில் இருக்கும். வீட்டுச் சாக்கடையைக் குளத்துப் பக்கம் திருப்பியிருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், செடி கொழுப்பதே அதில்தான்.

மார்ச் முதல் ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்குகிறோம். வள்ளம் வைத்திருப்பவர்கள் முந்தின நாள் மாலையே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குளக் கமிட்டியார்